அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்கான பரிந்துரைக் கடிதங்கள்: யாரிடம் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது?

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் படித்துக்கொண்டே எம்.டி. அல்லது டி.ஓ. படிப்புக்கு (அமெரிக்காவில் மருத்துவராவதற்கான அடிப்படைப் பட்டங்கள் இவை இரண்டும்) விண்ணப்பிக்கவிருக்கும் மாணவர்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் பெற்றோருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. இந்தியாவிலோ இலங்கையிலோ எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இங்கே ரெசிடென்சிக்கு (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சிக்கு) விண்ணப்பிப்பவர்கள் பெறும் கடிதங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை; அவற்றின் விதிகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

மாணவர்களுக்குக் கடிதம் எழுதியும், சக ஆசிரியர்கள் எழுதியவற்றைக் குழுவில் அமர்ந்து படித்தும் வந்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு. தடுமாறுபவர்களில் பலர் நன்றாகப் படிப்பவர்கள்தாம்; செய்ய வேண்டியவற்றின் வரிசையை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். மனத்தில் தோன்றிய முதல் பெயரிடம் போய்க் கேட்டுவிட்டு, அதன் பிறகே எந்தக் கல்லூரி யாருடைய கடிதத்தை எதிர்பார்க்கிறது என்று தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் கேட்கப்பட்டவர் எழுதவும் தொடங்கியிருப்பார். வேண்டாம் என்று சொல்லவும் வழி இராது. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்தால் இந்தச் சிக்கல் எழாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கான விண்ணப்பம், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் ‘ஆம்காஸ்’ என்னும் பொதுச் சேவை வழியாகச் செல்கிறது. அது ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். மே இறுதி அல்லது ஜூன் தொடக்கத்திலிருந்து சமர்ப்பிக்கலாம். வகுப்புகள் தொடங்குவதோ அதற்கு அடுத்த ஆண்டின் கோடையில்தான். டி.ஓ. கல்லூரிகளுக்கு ‘அக்கோமாஸ்’ என்றொரு சேவையும், டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்றொரு சேவையும் தனியாக உள்ளன.

இந்த நாட்காட்டியின்படி பார்த்தால், கடிதம் கேட்க உகந்த காலம் விண்ணப்பிக்கும் ஆண்டின் ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரலில் பேராசிரியர்கள் தேர்வுத்தாள்களுக்குள் மூழ்கிவிடுவார்கள். மே பாதிக்குப் பிறகு பலரைப் பிடிக்கவே முடியாது.

யாரிடமும் பேசுவதற்கு முன் நான்கு தாள்களைத் தயார் செய்யுங்கள். இதுவரை படித்த பாடங்கள், நடத்தியவர் பெயர், வகுப்பின் அளவு, பெற்ற மதிப்பெண் ஆகியவை கொண்ட பட்டியல் ஒன்று. விண்ணப்பிக்க எண்ணும் கல்லூரிகளின் முதற்கட்டப் பட்டியல் ஒன்று. ஆய்வகம், மருத்துவமனை, தன்னார்வப் பணி, சம்பள வேலை ஆகியவற்றில் உங்களை நேரடியாக மேற்பார்த்தவர்களின் பெயர்களும் காலமும் அடங்கிய தாள் ஒன்று. கடைசியாக, ஒரு பக்கத்துக்கு மிகாத ரெஸ்யூமே. மூன்றாவது தாளைப் பலர் எழுதுவதே இல்லை. ஆனால், நல்ல கடிதம் பெரும்பாலும் அந்தத் தாளிலிருந்துதான் வருகிறது.

2. முதலில் விதிகளைப் பட்டியலிடுங்கள், பெயர்களைப் பிறகு பார்க்கலாம்

ஆம்காஸ் தானாக எந்தக் கடிதத்தையும் கட்டாயமாக்குவதில்லை. ஒரு விண்ணப்பத்தில் 10 கடிதப் பதிவுகள் வரை சேர்க்கலாம் என்னும் உச்சவரம்பு மட்டுமே அதனுடையது. எத்தனை வேண்டும், யாரிடமிருந்து வேண்டும் என்பதை அந்தந்தக் கல்லூரியே முடிவு செய்கிறது. அந்த விவரங்களை அதே சங்கத்தின் எம்.எஸ்.ஏ.ஆர். தரவுத்தளத்தில் பார்க்கலாம், பார்த்த பிறகு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்திலும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

அடிக்கடி காணப்படும் அமைப்பு இது: அறிவியல் பாடம் நடத்திய பேராசிரியர்கள் இருவர், அறிவியல் அல்லாத பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவர். இதைத் தழுவியே சிறுசிறு மாற்றங்கள் வரும். சில கல்லூரிகள் யாரையும் குறிப்பிடாமல் மூன்று கடிதங்கள் போதும் என்கின்றன. ஆய்வில் ஈடுபட்டவர்களிடம் ஆய்வுத் தலைவரின் கடிதத்தை எதிர்பார்க்கும் கல்லூரிகள் உண்டு. டி.ஓ. கல்லூரிகளில் பல, மருத்துவர் ஒருவரின் கடிதத்தைக் கேட்கின்றன; அவர் டி.ஓ. பட்டம் பெற்றவராகவே இருந்தால் சிறப்பு என்பவையும், கட்டாயம் என்பவையும் அவற்றுள் உள்ளன. டெக்சாஸ் சேவை தனிக் கடிதங்கள் 3 அல்லது குழுத் தொகுப்பு 1 என்று கேட்கிறது. விரும்பினால் கூடுதலாக 1 சேர்க்கலாம். எம்.டி.–பி.எச்டி. இணைப்படிப்புக்கு விண்ணப்பித்தால், குறிப்பிடத்தக்க காலம் பணியாற்றிய ஒவ்வோர் ஆய்வகத்தின் தலைவரிடமிருந்தும் கடிதம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒன்று விடுபட்டால் அங்கே என்ன நடந்தது என்ற கேள்வி எழும்.

‘அறிவியல்’ என்பதற்கும் வரையறை உண்டு. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கையும் ஆம்காஸ் ஒரு தொகுதியாக வைத்து அதற்குத் தனியே ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) கணக்கிடுகிறது. உளவியல் அதில் சேராது. அது சமூக அறிவியல் பக்கம் போய்விடும். பொறியியல் பேராசிரியரின் கடிதத்தை அறிவியல் கடிதமாக ஏற்பதா என்பதிலும், கணிதத்தை ஏற்பதா என்பதிலும் கல்லூரிக்குக் கல்லூரி நடைமுறை மாறுகிறது. பயோமெடிக்கல் பொறியியல் மாணவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: துறைப் பேராசிரியர்கள் மூவரிடம் கடிதம் பெற்றுவிட்டுப் பார்த்தால், பட்டியலில் உள்ள சில கல்லூரிகளின் கணக்கில் அறிவியல் கடிதம் ஒன்றுகூட இராது. ஐயம் இருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், பதில் தருவார்கள்.

இவை அனைத்தையும் கல்லூரிக்கு ஒரு வரிசையாக எழுதுங்கள். எல்லா வரிசைகளையும் ஒருசேர நிறைவு செய்யும் மிகச் சிறிய தொகுப்பு எதுவோ, அதுதான் நீங்கள் தேட வேண்டியது. பெரும்பாலோருக்கு அது நான்கு அல்லது ஐந்து கடிதங்களில் அடங்கிவிடும்.

3. உங்கள் கல்லூரியில் குழுக் கடிதம் உண்டா என்று கேட்டறியுங்கள்

ஆம்காஸில் மூன்று வகைப் பதிவுகள் உள்ளன: ஒருவர் எழுதும் தனிக் கடிதம், கல்லூரி ஒன்றாகத் திரட்டி அனுப்பும் கடிதத் தொகுப்பு, கல்லூரியின் பிரீ-மெட் (மருத்துவப் படிப்புக்குத் தயாராகும் மாணவர்களுக்கான) ஆலோசனைக் குழு மாணவரை மதிப்பிட்டு எழுதும் குழுக் கடிதம். தொகுப்புக்குள் ஐந்து கடிதங்கள் இருந்தாலும் பதிவுக் கணக்கில் அது ஒன்றுதான்.

உங்கள் கல்லூரியில் குழு இருந்தால் இந்தப் படி மற்ற எல்லாவற்றையும் முந்திவிடும். குழுவுக்கென்று தனி விண்ணப்பம், நேர்காணல், இறுதி நாள் ஆகியவை இருக்கும். அந்த நாள் ஆம்காஸ் திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பாகவே வந்து போய்விடும். குழுவுக்குத் தனிக் கடிதங்கள் எத்தனை வேண்டும் என்பதையும் குழுவே சொல்லும். குழு இருந்தும் அதன் கடிதம் இல்லாமல் விண்ணப்பித்தால், ஏன் இல்லை என்று விளக்கம் கேட்கும் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. குறிப்பிட்ட ஜி.பி.ஏ.க்குக் கீழே உள்ளவர்களுக்குக் கடிதம் தராத குழுக்களும் உண்டு. அப்படியானால் அந்த விளக்கத்தை நேரடியாக, குறை கூறாமல் எழுதினால் போதும்.

குழுக் கடிதத்தின் குறைபாடு அதன் வேகம். கோடையின் பிற்பகுதி வரை அனுப்பாத குழுக்கள் இருக்கின்றன. சென்ற ஆண்டு எப்போது அனுப்பினார்கள் என்று உங்களுக்கு முந்தைய ஆண்டு மாணவர்களைக் கேளுங்கள். அலுவலகம் தரும் தேதியைவிட அவர்கள் சொல்லும் தேதி நம்பகமானது.

4. ஒவ்வொரு பெயரையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள்

இப்போதுதான் பெயர்களுக்கு வருகிறோம். மூன்றாவது தாளையும் பாடப் பட்டியலையும் எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராக இந்தக் கேள்வியை எழுதுங்கள்: நான் வேலை செய்வதை இவர் தம் கண்ணால் பார்த்த நிகழ்ச்சி ஒன்றை, என்னிடம் கேட்காமல், இவரால் சொல்ல முடியுமா?

விடை ‘ஆம்’ என்றால் பெயர் நிற்கட்டும். ‘எனக்கு ஏ கொடுத்தார்’ என்பது விடையாகாது. அந்த மதிப்பெண் ஏற்கெனவே டிரான்ஸ்கிரிப்டில் இருக்கிறது. அதையே கடிதம் திரும்பச் சொன்னால் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை.

இந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே காட்ட இரண்டு கடிதங்களின் சாரத்தைத் தருகிறேன். இரண்டும் நான் விளக்கத்துக்காக உருவாக்கியவை என்றாலும், ஆண்டுதோறும் வந்து குவிபவை இவற்றைப் போன்றவையே.

முதல் கடிதம், 300 பேர் அமரும் அரங்கில் உயிர்வேதியியல் நடத்திய, துறையில் பெயர் பெற்ற பேராசிரியர் எழுதியது. மாணவி முதல் 5 சதவீதத்துக்குள் வந்தார், கடினமாக உழைப்பவர், நல்ல மருத்துவராக வருவார் என்பதில் ஐயமில்லை என்கிறது. எல்லாம் பாராட்டுதான். பெயரை எடுத்துவிட்டு வேறொரு மாணவியின் பெயரைப் போட்டாலும் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது கடிதம், கரிம வேதியியல் ஆய்வகப் பகுதியை நடத்தியவர் எழுதியது. அந்தப் பாடத்தில் மாணவி பெற்றது பி பிளஸ். மறுபடிகமாக்கல் சோதனையில் அவருக்கு விளைச்சல் 31 சதவீதமே கிடைத்ததாகவும், பக்கத்து மேசையின் எண்ணைப் பார்த்துத் தம் எண்ணைத் திருத்தாமல் அதையே அறிக்கையில் எழுதியதாகவும், கரைப்பானைத் தேவைக்கு மேல் ஊற்றியதே காரணம் என்று தாமே கண்டுபிடித்ததாகவும் கடிதம் சொல்கிறது. அடுத்த வாரம் அதே பிழையைச் செய்யவிருந்த மாணவர் ஒருவரின் கையிலிருந்து குடுவையை வாங்காமல், ‘இது கரைய எவ்வளவு போதும் என்று நினைக்கிறாய்?’ என்று கேட்டு நிறுத்தினார் என்றும் அதில் இருக்கிறது.

படிக்கும் குழுவுக்கு இரண்டாவது கடிதத்திலிருந்து நேர்மை, பிழையை ஆராயும் பழக்கம், பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் விதம் ஆகிய மூன்றும் கிடைக்கின்றன. நேர்காணலில் கேட்பதற்கு ஒரு பொருளும் கிடைக்கிறது. பி பிளஸ் அங்கே யாருக்கும் உறுத்துவதில்லை. மருத்துவக் கல்லூரிகள் சங்கம் கடிதம் எழுதுபவர்களுக்கென வெளியிட்டுள்ள வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: பாடத்தையும் ஆய்வகத்தையும் விவரிப்பதைக் குறைத்து மாணவரைப் பற்றி எழுதுங்கள், எவ்வளவு காலமாக, எந்த முறையில் தெரியும் என்று சொல்லுங்கள், நேரில் கண்ட நடத்தையைக் காட்டுங்கள், பிறருடன் ஒப்பிட்டால் யாருடன் ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

இந்தச் சோதனையில் ஒருவர்கூடத் தேறவில்லை என்றால் அது பெயர்களின் குற்றம் இல்லை. நேரம் போதவில்லை என்றுதான் பொருள். இரண்டாம் ஆண்டிலேயே இதைப் படிப்பவர்களாக இருந்தால், அடுத்த பருவத்தில் சிறிய வகுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆபீஸ் அவர்ஸுக்கு (ஆசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரத்துக்கு) பாடத்தைப் பற்றிய உண்மையான கேள்வியோடு போங்கள். பிடித்த ஆசிரியரிடம் இரண்டாவது பாடமும் எடுங்கள். மூன்றாம் ஆண்டின் முடிவில் இருப்பவர்கள், தேவையானால் விண்ணப்பத்தை ஓர் ஆண்டு தள்ளிவைப்பதைப் பற்றி யோசிக்கலாம். முகம் நினைவில் இல்லாத மூவர் எழுதிய கடிதங்களோடு விரைந்து விண்ணப்பிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

5. ஒவ்வோர் இடத்துக்கும் பொருத்தமானவர் யார்

அறிவியல் பேராசிரியர்: உங்களுக்கு வகுப்பறையில் பாடம் நடத்தி மதிப்பெண் இட்டவராக இருக்க வேண்டும். ஆய்வகத்தில் மட்டும் பழகிய உயிரியல் பேராசிரியரை இந்த இடத்தில் வைத்தால் சில கல்லூரிகள் ஏற்பதில்லை. பெரிய வகுப்புகளில் உங்களை உண்மையில் அறிந்தவர் டீச்சிங் அசிஸ்டன்டாக இருப்பார். அவருடைய கடிதம் தனியாக எடைபெறாது. அவர் எழுத, பேராசிரியர் தம் கருத்தையும் சேர்த்து இருவரும் கையொப்பமிடுவது வழக்கத்தில் உள்ள முறை. இதை நீங்களே முன்வைத்துக் கேட்கலாம், அதில் தவறில்லை.

அறிவியல் அல்லாத பாடப் பேராசிரியர்: வரலாறு, தத்துவம், மொழி, சமூகவியல் ஆகியவற்றில் எழுத்துப் பணி மிகுந்த, விவாதம் நடந்த வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். அங்கே நீங்கள் எழுதிய கட்டுரைகளை அவர் வரிவரியாகப் படித்திருப்பார். மாற்றுக்கருத்தை எப்படிக் கேட்டீர்கள் என்பதையும் பார்த்திருப்பார். இந்த இடத்தை மாணவர்கள் கடைசி நேரத்தில் யாரையாவது கொண்டு நிரப்புகிறார்கள். என் அனுபவத்தில் தொகுப்பிலேயே சிறந்த கடிதம் பல நேரங்களில் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

ஆய்வுத் தலைவர்: வாரந்தோறும் உங்களுடன் பேசுபவர் என்றால் அவரே எழுதட்டும். நாள்தோறும் பக்கத்தில் நின்று வேலை சொல்லிக்கொடுத்தவர் முதுமுனைவர் ஆய்வாளரோ முனைவர் பட்ட மாணவரோ என்றால், நிகழ்ச்சிகளை அவரிடமிருந்து பெற்றுத் தலைவர் எழுதுவதோ, இருவரும் கையொப்பமிடுவதோ நல்லது.

மருத்துவர்: சில நாள்கள் பின்னால் நின்று பார்த்த ஷேடோயிங்கிலிருந்து நல்ல கடிதம் பிறப்பது அரிது, நீங்கள் வேலை எதையும் செய்யவில்லையே! ஸ்க்ரைபாகவோ (மருத்துவரின் குறிப்புகளைப் பதிவு செய்பவராகவோ) மருத்துவ உதவியாளராகவோ மாதக்கணக்கில் ஒருவருடன் பணியாற்றியிருந்தால் நிலைமை வேறு. டி.ஓ. கல்லூரிகள் பலவற்றுக்கு இந்த இடம் தேவைப்படுகிறது என்பதால், அங்கே விண்ணப்பிப்பவர்கள் மருத்துவர் ஒருவருடன் தொடர்ச்சியான பணியை முன்கூட்டியே தேடிக்கொள்ள வேண்டும்.

தன்னார்வப் பணி அல்லது வேலையின் மேற்பார்வையாளர்: ஹாஸ்பைஸ் (வாழ்வின் இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இடம்) ஒருங்கிணைப்பாளர், அவசர ஊர்திக் குழுவின் தலைவர், உணவகத்தின் ஷிஃப்ட் மேலாளர் யாராகவும் இருக்கலாம். முனைவர் பட்டம் இல்லையே என்று தயங்க வேண்டாம். கோபத்தில் கத்தும் ஒருவரிடம் நீங்கள் எப்படிப் பேசினீர்கள் என்பதைப் பேராசிரியர் எவரும் பார்த்திருக்க மாட்டார், இவர் பார்த்திருப்பார். கட்டாயக் கடிதங்கள் நிறைந்த பிறகு, கூடுதலாக ஒன்றுக்கு இடம் இருந்தால் அதை இவருக்கே கொடுப்பேன்.

6. கேட்கக் கூடாதவர்கள்

உறவினரும் குடும்ப நண்பர்களும் எழுதிய கடிதங்கள் எடுபடாது. சில கல்லூரிகள் அவற்றை வெளிப்படையாகவே விலக்குகின்றன. நம் வீடுகளில் இது சிக்கலாகிறது. அப்பாவின் நண்பரான இதய நோய் மருத்துவர், சிறுவயதிலிருந்து பிள்ளையைத் தெரிந்தவர், ‘நானே எழுதித் தருகிறேன்’ என்று அன்போடு சொல்லியிருப்பார். அவரை விட்டுவிட்டால் வருந்துவாரோ என்ற கவலை பெற்றோருக்கு. கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயரைச் சேர்ப்பதுபோல இங்கேயும் சேர்க்கத் தோன்றும். ஆனால், ‘இவரைக் குழந்தையாக இருந்தபோதிலிருந்தே அறிவேன்’ என்று தொடங்கும் கடிதம், படிப்பவருக்கு இது ஒருதலைச் சாய்வானது என்று முதல் வரியிலேயே அறிவித்துவிடுகிறது. அந்த அங்கிளிடம் பர்சனல் ஸ்டேட்மென்டை (விண்ணப்பத்தில் மாணவர் தம்மைப் பற்றி எழுதும் கட்டுரையை) படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், நேர்காணல் பயிற்சி தரச் சொல்லுங்கள். அவரும் மகிழ்வார், பிள்ளைக்கும் உதவும்.

கோடை விடுமுறையில் சென்னையிலோ மதுரையிலோ மருத்துவமனை ஒன்றில் சில வாரங்கள் பார்வையாளராக இருந்ததற்கான கடிதமும் இதே வகைதான். அந்த அனுபவத்தைச் செயல்பாடுகளின் பட்டியலில் எழுதுங்கள், கடிதமாக்க வேண்டாம்.

பதவிக்காகத் தேடிப் போகும் பெயர்களையும் விட்டுவிடுங்கள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், மருத்துவமனை இயக்குநர், தமிழ்ச் சங்கத் தலைவர் ஆகியோர் உங்களை நேரடியாக மேற்பார்த்திருந்தால் ஒழிய அவர்களின் கடிதத்தால் பயன் இல்லை. உயர்நிலைப் பள்ளி ஆசிரியரின் கடிதம் காலம் கடந்தது.

7. பெயர்களைச் சேர்த்துவைத்துப் பாருங்கள்

தனித்தனியாக நல்ல கடிதங்கள் சேர்ந்து ஒரே செய்தியைச் சொன்னால் அந்தத் தொகுப்பு பலவீனமானது. நால்வரும் ‘ஆய்வகத்தில் கூர்மையானவர்’ என்று எழுதினால், நோயாளியிடம் எப்படி நடந்துகொள்வார் என்ற கேள்விக்கு விடை எங்கும் இராது. மருத்துவக் கல்லூரிகள் சங்கம் புதிதாகச் சேரும் மாணவர்களிடம் எதிர்பார்க்கும் 17 தகுதிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. சேவை மனப்பான்மை, குழுவாகச் செயல்படுதல், நம்பகத்தன்மை, பின்னடைவிலிருந்து மீளும் திறன், எழுத்திலும் பேச்சிலும் தெளிவு ஆகியவை அவற்றுள் சில. அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயரும் எதற்குச் சாட்சி சொல்ல முடியும் என்று குறியுங்கள். யாரும் தொடாத இடம் கண்ணில் பட்டால், கூடுதல் கடிதம் அங்கிருந்து வரட்டும்.

பத்து இடம் இருக்கிறது என்பதற்காகப் பத்தையும் நிரப்ப வேண்டாம். ஒரு கல்லூரி அதிகபட்சம் இத்தனை என்று சொல்லியிருந்தால் அதை மீறாதீர்கள். சொல்லப்பட்ட விதியைக் கவனிக்காத விண்ணப்பதாரர் என்ற எண்ணத்தை அது உண்டாக்கும்.

8. எப்படிக் கேட்பது, தயக்கத்தை எப்படிப் படிப்பது

இயன்றால் நேரில் கேளுங்கள். சந்திப்புக்கான நேரத்தை மின்னஞ்சலில் பெற்றுக்கொண்டு, விண்ணப்பத்தைப் பற்றிப் பேச விரும்புவதாக மட்டும் குறிப்பிடுங்கள். நேரில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எனக்குக் கடிதம் எழுதுவீர்களா?’ என்பதாக இருக்க வேண்டாம். அதற்கு ‘முடியாது’ என்று சொல்வது யாருக்கும் சங்கடம். ‘மருத்துவப் படிப்புக்கு எனக்காக வலுவான, விரிவான கடிதம் எழுதும் அளவுக்கு என்னை அறிந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். இந்தக் கேள்வி அவருக்கு மரியாதையாக விலகிக்கொள்ளவும் இடம் தருகிறது.

விடையைவிட விடை வரும் விதத்தைக் கவனியுங்கள். உடனே உங்கள் வேலையைப் பற்றி ஏதாவது நினைவுகூர்ந்தால் நல்லது. ‘எழுதலாம், ஆனால் உன் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும்’, ‘வேறு யாரையாவது கேட்டாயா?’ என்பன போன்றவை மறுப்பின் நாகரிக வடிவங்கள். நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்; இதில் மனவருத்தத்துக்கு இடமில்லை, அவர் உங்களுக்கு நன்மையே செய்திருக்கிறார்.

ஆறு முதல் எட்டு வாரம் அவகாசம் கொடுங்கள். தேவைக்கு மேல் ஒரு கடிதத்தைக் கேட்டு வைத்துக்கொள்வதும் அவசியம். நோய், பணிமாற்றம், வெறும் மறதி என ஏதோ ஒன்று எல்லா ஆண்டும் யாரோ ஒருவரைத் தடுக்கிறது.

9. ஒப்புக்கொண்ட அன்றே கொடுக்க வேண்டியவை

ரெஸ்யூமே, பர்சனல் ஸ்டேட்மென்டின் வரைவு, அவருடைய வகுப்பில் நீங்கள் எழுதிய அறிக்கையோ கட்டுரையோ ஒன்று, கடிதம் வந்துசேர வேண்டிய நாள் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். அவருடன் பணியாற்றியபோது நடந்த இரண்டு மூன்று நிகழ்ச்சிகளையும் சில வரிகளில் குறிப்பிடுங்கள். புகழ்ச்சிச் சொல் எதுவும் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஆசிரியருக்கு உங்களைப் பற்றி எண்ணம் இருக்கும், தேதியும் விவரமும் நினைவிராது.

ஆம்காஸ் திறந்ததும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதிவை உருவாக்கி, அதற்கான கோரிக்கைப் படிவத்தையும் அனுப்ப வேண்டும். அதில் உங்கள் அடையாள எண்ணும் அந்தக் கடிதத்துக்கான தனி எண்ணும் இருக்கும். ஒருவரின் எண்ணை இன்னொருவருக்கு மாற்றி அனுப்பிவிட்டால் கடிதம் தவறான பதிவில் போய் உட்காரும். அனுப்பும் முன் இருமுறை பாருங்கள்.

கடிதம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், தேதியும் கையொப்பமும் கொண்டு, ஒரு கல்லூரியின் பெயரைக் குறிப்பிடாமல் பொதுவாகச் சேர்க்கைக் குழுவை விளித்து இருக்க வேண்டும் என்பதை மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். ஒரே கடிதம்தான் இருபது கல்லூரிகளுக்கும் செல்கிறது.

‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்று சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். நேர்மைக் கேள்வி ஒருபுறம் இருக்க, கடிதத்தின் நடையும் உங்கள் கட்டுரையின் நடையும் ஒன்றாக இருப்பது தேர்ந்த கண்ணுக்குத் தெரிந்துவிடும். மேலே சொன்ன நிகழ்ச்சிக் குறிப்புகளையே சற்று விரிவாகத் தருவதாகச் சொல்லுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் கூடுதலாகக் கேட்டு வைத்த கடிதம் பயன்படும்.

10. பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுங்கள்

தம் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை 1974ஆம் ஆண்டின் ‘ஃபெர்பா’ சட்டம் மாணவர்களுக்குத் தருகிறது. கடிதங்களைப் பொறுத்தவரை அந்த உரிமையை எழுத்தில் விட்டுக்கொடுப்பதே நடைமுறை. மாணவர் படிப்பார் என்று தெரிந்து எழுதிய கடிதத்தைக் குழு முழுமையாக நம்புவதில்லை. எழுதுபவரும் மனம்விட்டு எழுதமாட்டார். படிக்காமல் நம்ப முடியாத ஒருவர் உங்கள் பட்டியலில் இருந்தால், நான்காம் படிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

11. அனுப்பிய பிறகு: பதிவு, ஒதுக்கீடு, நினைவூட்டல்

கடிதங்கள் வரட்டும் என்று விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்காமல் வைத்திருப்பது பெரும் தவறு. ஆம்காஸ் உங்கள் மதிப்பெண்களைச் சரிபார்க்கும் வேலைக்குக் கடிதங்கள் தேவையில்லை. அந்த வரிசையில் முன்னதாக நிற்பதே முக்கியம். கடிதங்கள் பிறகு வந்து சேரலாம். ஆனால், கல்லூரி தனியே கேட்கும் இரண்டாம் கட்ட விண்ணப்பமும் எம்கேட் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும் போய்ச் சேர்ந்த பின்னும் கடிதம் வரவில்லை என்றால், பெரும்பாலான கல்லூரிகள் கோப்பைப் படிக்க எடுப்பதில்லை. விண்ணப்பங்கள் வந்துசேரும் வரிசையிலேயே இடங்களை நிரப்பிக்கொண்டு போகும் முறை நடப்பில் உள்ளதால் ஒவ்வொரு வாரமும் கணக்கில் வரும். ஜூலை நடுப்பகுதிக்குள் எல்லாக் கடிதங்களும் உள்ளே இருப்பதை இலக்காக வையுங்கள்.

எந்தக் கடிதம் எந்தக் கல்லூரிக்கு என்று நீங்களே ஒதுக்க வேண்டும். இரண்டாம் படியில் செய்த அட்டவணை இங்கே மறுபடி பயன்படும். சமர்ப்பித்த பிறகு புதிய கடிதப் பதிவுகளைச் சேர்க்கலாம். ஏற்கெனவே சேர்த்த பதிவை நீக்க முடியாது. ஆகவே ஒப்புக்கொள்ளாதவர் பெயரில் ‘இருக்கட்டும்’ என்று பதிவு உருவாக்கி வைக்காதீர்கள்.

நினைவூட்டலை மூன்று வாரம் முன்பு ஒருமுறை, ஒரு வாரம் முன்பு ஒருமுறை, நாள் கடந்தால் உடனே ஒருமுறை அனுப்புங்கள். கோரிக்கைப் படிவத்தை ஒவ்வொரு முறையும் இணையுங்கள். பழைய மின்னஞ்சலைத் தேடவைப்பது தாமதத்துக்கு இன்னொரு காரணம் கொடுப்பதாகும்.

இடைவெளி ஆண்டு எடுப்பவர்கள், பாடம் முடிந்த சூட்டிலேயே கடிதத்தைக் கேட்டு இன்டர்ஃபோலியோ போன்ற கட்டணச் சேமிப்புச் சேவையில் வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்கும் ஆண்டில் தேதியை மட்டும் புதுப்பித்துத் தரக் கேட்கலாம். மறுபடி விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: சென்ற ஆண்டின் கடிதங்களை ஆம்காஸ் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்வதில்லை. எல்லாவற்றையும் மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். அவற்றுள் ஒன்றாவது சென்ற விண்ணப்பத்துக்குப் பிறகான உங்கள் பணியைப் பற்றிப் பேசும் புதிய கடிதமாக இருக்கட்டும்.

நாள் கடந்து இரண்டு வாரம் ஆகியும் பதில் இல்லையென்றால் துறை அலுவலக உதவியாளரிடம் தொலைபேசியில் விசாரியுங்கள். பேராசிரியர் ஊரில் இருக்கிறாரா என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும். அதற்கும் வழி பிறக்கவில்லை என்றால், அந்தப் பதிவை ‘இனி அனுப்பப்படாது’ என்று குறித்துவிட்டு, கூடுதலாகக் கேட்டு வைத்த கடிதத்தை அந்த இடம் தேவைப்படும் கல்லூரிகளுக்கு அன்றே ஒதுக்குங்கள்.